விண்டோஸ் கோப்பு கெட்டால் ஃபார்மட்தான் வழியா?

சர்வீஸ் கடையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வரும்: "ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் அடிச்சுடலாம்." மெஷின் மெதுவாக ஓடினாலும் இதே தீர்ப்பு, நீலத்திரை வந்தாலும் இதே தீர்ப்பு, சில சமயம் பிரின்டர் ஓடாவிட்டாலும் இதேதான். கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஃபார்மட் அடித்து விண்டோஸ் ஏற்ற ஒரு மணி நேரம் போதும். எது கெட்டது என்று தேடப் போனால் அரை நாள் போய்விடும், கூலி என்னவோ அதேதான். ஆனால் அதற்குப் பிறகு டேலியை மறுபடி ஏற்றி, ஸ்கேனர் டிரைவரைத் தேடி, தமிழ்த் தட்டச்சை அமைத்து, மறந்துபோன பாஸ்வேர்டுகளோடு மல்லுக்கட்டுவது நம் பாடு.

இதற்கு நேர் எதிர்க்கட்சியும் உண்டு. என்ன கோளாறு சொன்னாலும் "எஸ்எஃப்சி கட்டளை போடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று யூடியூபில் சொல்கிறவர்கள் அவர்கள். (எஸ்எஃப்சி என்பது விண்டோஸின் கோப்புகளைச் சோதிக்கும் கருவி, பின்னால் விரிவாக வருகிறது.)

இரு தரப்பும் விட்டுவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டால், கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு நல்லதை வைக்க விண்டோஸுக்குள்ளேயே ஏற்பாடு உண்டு. அந்த நல்ல கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. விண்டோஸ் ஏற்றப் பயன்படும் பூட்டபிள் பென்டிரைவ், அப்படி நல்ல கோப்புகள் இருக்கும் கிடங்குகளில் ஒன்று. எதையும் அழிக்காமலே அதைப் பயன்படுத்த முடியும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி அதை இங்கே விளக்கிப் பார்க்கிறேன்.

கோப்பு எப்படிக் கெடுகிறது

சி டிரைவில் விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் பல்லாயிரம் கோப்புகள் இருக்கின்றன. அவற்றில் பல டிஎல்எல் வகை. பல மென்பொருள்கள் பொதுவாகக் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல் துண்டைத்தான் டிஎல்எல் என்கிறோம். எந்தக் கோப்பானாலும் உள்ளே இருப்பது வரிசையான எண்கள்தான். மைக்ரோசாஃப்ட் அனுப்பிய வரிசையில் ஓர் எண் மாறியிருந்தாலும் அது சிதைந்த கோப்பு. கணக்கு அவ்வளவு கறாரானது.

நம் ஊரில் இதற்கு முதல் காரணமாக நான் சொல்வது மின்வெட்டைத்தான். பேட்டரி செத்த லேப்டாப்பைச் சார்ஜரிலேயே ஓட்டுகிற வீடுகளும், யுபிஎஸ் இல்லாத அலுவலகங்களும் நிறைய. அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? விண்டோஸ் ஒரு கோப்பை எழுதும்போது முதலில் ரேமில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கழித்துத்தான் டிஸ்க்கில் இறக்கும். வேகத்துக்காக அப்படி. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். அது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்ற பதிவேட்டை மின்வெட்டிலிருந்து காப்பாற்றிவிடும். ஆனால் கோப்பின் உள்ளடக்கத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் மறுபடி கரண்ட் வந்து பார்த்தால் கோப்பு இருக்கும், பெயர் சரியாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே வெறும் பூஜ்யங்களாக இருக்கலாம்.

மற்ற காரணங்களும் உண்டு: ஹார்டு டிஸ்க்கில் தேய்ந்துபோன பகுதிகள், கோளாறான ரேம், வைரஸ். "ரெஜிஸ்ட்ரி கிளீனர்", "பிசி பூஸ்டர்" என்ற பெயரில் வரும் மென்பொருள்களையும் இந்தப் பட்டியலில் தயங்காமல் சேர்ப்பேன். ஏதோ டிஎல்எல் காணவில்லை என்று பிழை வந்ததும் முகம் தெரியாத தளத்திலிருந்து அந்த ஒற்றைக் கோப்பைத் தரவிறக்கி ஒட்டுகிறார்களே, அதுவும் சேர்த்திதான்.

கெட்டது விண்டோஸ்தானா?

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் நீலத்திரை வந்தது நினைவிருக்கும். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. "விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது" என்றுதான் அன்று பலரும் பேசினார்கள். உண்மையில் விண்டோஸின் ஒரு கோப்பும் கெடவில்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பில் பிழை இருந்தது. அந்த மென்பொருள் விண்டோஸின் மையப் பகுதிக்குள்ளேயே ஓடியதால், அது விழுந்தபோது மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. தீர்வு என்ன தெரியுமா? அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோடிலோ மீட்புத் திரையிலோ நுழைந்து அந்த ஒரு கோப்பை அழிப்பது. அவ்வளவுதான்.

அன்று யாராவது எஸ்எஃப்சி ஓட்டியிருந்தால், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றே அது சொல்லியிருக்கும். பொய்யும் இல்லை. மைக்ரோசாஃப்ட் கொடுத்த கோப்புகளை மட்டும்தான் அது பார்க்கும். கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனத்தின் டிரைவர், ஆன்ட்டிவைரஸ், உங்கள் பயனர் கணக்கின் அமைப்புகள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் யாரோ மாற்றிய மதிப்பு, கணினி தொடங்கும்போதே கூட்டமாக ஓடிவரும் மென்பொருள்கள், இவை எதுவும் அதன் பார்வையில் வராது. மெதுவாக ஓடும் மெஷினை எஸ்எஃப்சி வேகமாக்காது என்பதற்கும் காரணம் இதுதான்.

சுருக்கமாக: சிதைந்த கோப்பு என்றால் மைக்ரோசாஃப்ட் கொடுத்த வடிவத்திலிருந்து உள்ளடக்கம் மாறிய கோப்பு. இனி நாம் பார்க்கும் பழுதுநீக்கும் முறைகள் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்புகளுக்கு மட்டும்.

கரையான் அரித்த பத்திரம்

வீட்டில் இருக்கும் கிரயப் பத்திரத்தில் ஒரு பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக யாரும் வீட்டை இடித்துவிட்டு மறுபடி கட்ட மாட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பிரதி இருக்கிறது. மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்வோம். அது செல்லுபடியாக வேண்டுமானால் முத்திரை உண்மையானதாக இருக்க வேண்டும், இதே சொத்தின் பத்திரமாகவும் இருக்க வேண்டும். நடுவில் பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று போட்டிருந்தால், அதற்கு முன்பே எடுத்து வைத்த நகல் முழுசாக உதவாது.

விண்டோஸ் பழுதுபார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். வீட்டுப் பத்திரம் என்பது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு. பதிவு அலுவலகத்துக்கு இணையான கிடங்கு ஒன்று கணினிக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கிடங்கும் கெட்டுவிட்டால் வெளியிலிருந்து நகல் வர வேண்டும். பென்டிரைவ் வருவது அங்கேதான். பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு இணை மாதாமாதம் வரும் அப்டேட். இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பலர் தடுமாறுவது அங்கேதான்.

முத்திரை: ஹாஷ்

ஒரு கோப்பு கெட்டிருக்கிறது என்று விண்டோஸுக்கு எப்படித் தெரிகிறது? பெயர், அளவு, தேதி எதையும் நம்ப முடியாது என்று மேலேயே பார்த்தோம். அதனால் அது ஹாஷ் பார்க்கிறது. ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணக்குக்குள் செலுத்தி எடுக்கும், குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணுக்குத்தான் ஹாஷ் என்று பெயர். பரவலாகப் பயன்படும் எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்துகளாக எழுதப்படும். கோப்பு பத்து கேபியாக இருந்தாலும் பத்து ஜிபியாக இருந்தாலும் அதே 64 எழுத்துதான். உள்ளே ஓர் எண் மாறினாலும் ஹாஷ் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

ஒவ்வொரு கோப்புக்கும் இருக்க வேண்டிய ஹாஷ் என்ன என்ற பட்டியலை விண்டோஸ் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலையே வைரஸ் மாற்றிவிட்டால்? அதற்காக மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் அதில் இருக்கும். பட்டியலைத் தொட்டால் கையொப்பம் பொருந்தாது. ஆக, சோதனை என்பது மிக எளிய வேலை: கோப்பின் ஹாஷை இப்போது கணக்கிடு, பட்டியலில் உள்ளதோடு ஒப்பிடு. மாறினால் கெட்டது.

எஸ்எஃப்சி: உள்கிடங்கிலிருந்து நகல்

இந்த ஒப்பிடும் வேலையைச் செய்யும் கருவிதான் எஸ்எஃப்சி. விரித்தால் சிஸ்டம் ஃபைல் செக்கர். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்தப் பெயரில் ஒரு கருவி இருக்கிறது. எக்ஸ்பி பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கலாம்: எஸ்எஃப்சி ஓட்டினால் பாதியில் நின்று "விண்டோஸ் சிடியைப் போடு" என்று கேட்கும். அன்று உள்கிடங்கு சிறியது. அதில் இல்லாததைச் சிடியில் இருக்கும் ஐ386 ஃபோல்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும். "எஸ்எஃப்சி போட்டால் சிடி வேண்டும்" என்று இன்றும் சிலர் சொல்வது அந்தக் காலத்து நினைவு.

விஸ்டாவிலிருந்து கதை மாறியது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு பெரிய ஃபோல்டர் வந்தது. விண்டோஸின் எல்லாப் பகுதிகளும் பதிப்பு வாரியாக அங்கே இருக்கும். இதுதான் நான் சொன்ன உள்கிடங்கு. எஸ்எஃப்சி இப்போது சிடி கேட்பதில்லை. கெட்ட கோப்பைக் கண்டால் இந்தக் கிடங்கிலிருந்து நல்லதை எடுத்து வைக்கப் பார்க்கும். (இந்த ஃபோல்டர் பல ஜிபி காட்டுகிறதே என்று அழிக்கப் போகாதீர்கள். விண்டோஸே போய்விடும்.)

இங்கே பத்திர உவமை உடைகிறது, அது தெரிந்தால்தான் மீதி புரியும். பதிவு அலுவலகப் பிரதியும் வீட்டுப் பிரதியும் தனித்தனிக் காகிதங்கள். விண்டோஸில் அப்படி இல்லை. சிஸ்டம்32 ஃபோல்டரில் நீங்கள் பார்க்கும் கோப்பும் கிடங்கில் இருக்கும் அதே கோப்பும் பல இடங்களில் ஒரே உள்ளடக்கத்துக்கு வைத்த இரண்டு பெயர்கள். இதற்கு ஹார்டு லிங்க் என்று பெயர். இடம் மிச்சம் பிடிக்க இந்த ஏற்பாடு. கிடங்கின் அளவை எக்ஸ்ப்ளோரர் ஊதிக் காட்டுவதும் இதனால்தான். ஒரே கோப்பை இரண்டு இடத்திலும் எண்ணிவிடுகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். யாரோ ஒரு டிஎல்எல்லை அழித்துவிட்டு வேறொன்றை ஒட்டினால், கிடங்கில் இருப்பது அப்படியே இருக்கும். எஸ்எஃப்சி நொடியில் சரிசெய்துவிடும். ஆனால் டிஸ்க்கில் அந்த உள்ளடக்கம் இருக்கும் இடமே பழுதானால், இரண்டு பெயரும் ஒரே பழுதைத்தான் காட்டும். நகல் எடுக்கப் போன இடத்திலும் அதே கிழிசல். அப்போதுதான் எஸ்எஃப்சி அந்தப் பிரபலமான வாசகத்தைச் சொல்லும்: கெட்ட கோப்புகளைக் கண்டுபிடித்தேன், ஆனால் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை.

இந்த வாசகத்தைப் பார்த்ததும் பலர் ஃபார்மட் முடிவுக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் அது "என் கிடங்கில் நல்ல நகல் இல்லை, வெளியிலிருந்து கொண்டு வா" என்ற கோரிக்கை மட்டுமே.

இன்னொரு சின்னத் தகவல்: எஸ்எஃப்சி சொல்வதெல்லாம் வேதவாக்கும் அல்ல. 2019 ஜூலையில் விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரின் அப்டேட் ஒன்று சில கோப்புகளை மாற்றியதால், நல்ல மெஷின்களிலும் எஸ்எஃப்சி அவற்றைக் கெட்டது என்று காட்டி, சரிசெய்யவும் முடியாமல் விழித்தது. மைக்ரோசாஃப்டும் அதை ஒப்புக்கொண்டது. எந்தக் கோப்பு கெட்டது என்பதை விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்ற இடத்தில் உள்ள பதிவில் பார்க்கலாம். பெயரைப் பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

டிஸ்ம்: கிடங்கையே சரிசெய்வது

உள்கிடங்கைச் சோதித்துச் சரிசெய்யும் கருவியின் பெயர் டிஸ்ம். விண்டோஸ் 8-லிருந்து இதில் "ரிஸ்டோர் ஹெல்த்" என்ற வசதி இருக்கிறது. கிடங்கில் எது கெட்டது என்று பார்த்து, வெளியிலிருந்து நல்லதைக் கொண்டுவந்து அடுக்கும். அதன் பிறகு எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டினால், முன்பு முடியாததை இப்போது முடித்துவிடும். முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி என்ற வரிசை இதனால்தான். கிடங்கு சரியில்லாமல் அங்கிருந்து நகல் எடுத்துப் பயனில்லை. டிஸ்ம் ஓடும்போது 62 சதவீதம் போன்ற ஏதோ ஓர் இடத்தில் நெடுநேரம் நிற்பது சகஜம். அவசரப்பட்டு ஜன்னலை மூட வேண்டாம்.

நல்லதை அது எங்கிருந்து எடுக்கும்? நாம் எதுவும் சொல்லாவிட்டால் இணையம் வழியே விண்டோஸ் அப்டேட்டிலிருந்து. இணைய இணைப்பு நன்றாக இருந்து, அப்டேட் சேவையும் கெடாமல் இருந்தால் இதுவே போதும், பென்டிரைவே வேண்டாம். ஆனால் அப்டேட் சேவையே கெட்டுப்போனதால்தானே பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். சில அலுவலகங்களில் வெளித் தொடர்பையே அடைத்திருப்பார்கள். அப்போது "விண்டோஸ் அப்டேட்டிடம் போகாதே, இந்தப் பென்டிரைவில் இருந்து எடு" என்று கட்டளையிலேயே சொல்லிவிடலாம்.

பூட்டபிள் பென்டிரைவைச் செருகிச் சோர்சஸ் என்ற ஃபோல்டரைத் திறந்தால், இன்ஸ்டால் என்ற பெயரில் மிகப் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். விண்டோஸ் முழுவதும் அதற்குள்தான். அதன் வகை விம் அல்லது இஎஸ்டி. இரண்டும் ஒரே சரக்குதான், இஎஸ்டியில் இன்னும் இறுக்கிச் சுருக்கியிருப்பார்கள். பென்டிரைவைத் தயாரித்துத் தரும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வழியாகச் செய்தால் இஎஸ்டி கிடைக்கும். ஐஎஸ்ஓ கோப்பாக (மொத்த டிஸ்க்கையும் ஒரே கோப்பாகக் கட்டியது) நேரடியாகத் தரவிறக்கினால் விம். பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது என்பது இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இருக்கும் நடைமுறைச் சிக்கல். கட்டளை எழுதும்போது நம்மிடம் இருப்பது எந்த வகை என்று பார்த்து எழுத வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கட்டளையை அப்படியே ஒட்டுகிறவர்கள் முதலில் வழுக்கி விழுவது இங்கேதான்.

அந்த ஒரே கோப்புக்குள் ஹோம், ஹோம் சிங்கிள் லாங்வேஜ், ப்ரோ என்று பல பதிப்புகள் எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் விற்கும் லேப்டாப்கள் பலவற்றில் இருப்பது ஹோம் சிங்கிள் லாங்வேஜ். உங்கள் மெஷினில் இருப்பது எது, பென்டிரைவில் அதன் வரிசை எண் என்ன என்று டிஸ்மிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பல கோப்புகள் எல்லாப் பதிப்புக்கும் பொது. ஆனால் எல்லாமே பொது இல்லை.

பழைய பென்டிரைவ் ஏன் உதவாது

இப்போது பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு வருவோம். ஸ்டார்ட் மெனுவில் வின்வெர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் 24எச்2 என்பது போல ஒரு பெயரும், பக்கத்தில் 26100 என்று தொடங்கி, ஒரு புள்ளி வைத்து, பிறகு இன்னொரு எண்ணும் இருக்கும். புள்ளிக்கு முன் இருப்பது விண்டோஸின் அடிப்படைக் கட்டமைப்பு எண். புள்ளிக்குப் பின் இருப்பது அப்டேட் வர வர ஏறிக்கொண்டே போகும் எண்.

மேசை டிராயரில் கிடக்கும் விண்டோஸ் 11 22எச்2 பென்டிரைவின் அடிப்படை எண் 22621. உங்கள் மெஷின் 26100 என்றால் அந்தப் பென்டிரைவால் கிடங்கைச் சரிசெய்ய முடியாது. டிஸ்ம் தேடுவது அதே பெயருள்ள ஏதோ ஒரு கோப்பை அல்ல, பட்டியலில் உள்ள ஹாஷுக்குப் பொருந்தும் கோப்பை. பொருந்தாவிட்டால் மூலக் கோப்புகளைக் காணவில்லை என்று 081எஃப் என முடியும் பிழை எண்ணோடு நின்றுவிடும். பென்டிரைவ் கண் முன்னால் செருகியிருக்கும்போது "காணவில்லை" என்றால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். அது சொல்வதன் பொருள், கோப்பு இருக்கிறது, உங்களுடைய பதிப்பு இல்லை என்பதே.

சரி, அடிப்படை எண் பொருந்திவிட்டது. அப்போதும் சில சமயம் இதே பிழை வரும். கெட்ட கோப்பு போன மாத அப்டேட்டில் வந்ததாக இருந்தால், அதற்கு முன்பே தயாரான பென்டிரைவில் அது எப்படி இருக்கும்? அதனால்தான் பென்டிரைவை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிப்பது நல்லது. அதுவும் பலிக்காவிட்டால் டிஸ்முக்கு விண்டோஸ் அப்டேட் வழிதான் மிச்சம்.

சுருக்கமாக: எஸ்எஃப்சி ஓடும் கோப்புகளைக் கிடங்கை வைத்துச் சரிசெய்கிறது. டிஸ்ம் கிடங்கை வெளி நகலை வைத்துச் சரிசெய்கிறது. பென்டிரைவ் அந்த வெளி நகல். ஆனால் பதிப்பு பொருந்தினால் மட்டும்.

விண்டோஸ் திறக்கவே மறுத்தால்

இதுவரை சொன்னது விண்டோஸ் எப்படியோ திறக்கிறது என்ற நிலைக்கு. திறக்காவிட்டால் பென்டிரைவுக்கு இன்னொரு பயன் உண்டு. அதில் விண்டோஸ் பிஇ என்ற குட்டி விண்டோஸ் இருக்கிறது. டிஸ்க்கைத் தொடாமல் ரேமிலிருந்தே ஓடும். கணினியைப் பென்டிரைவிலிருந்தே தொடங்கினால், அதாவது பூட் செய்தால், நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

வரும் திரையில் பெரிதாக இருக்கும் "இன்ஸ்டால் நவ்" பட்டனை விட்டுவிட்டு, கீழே இடது மூலையில் சின்னதாக இருக்கும் "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" என்பதைத் தொட வேண்டும். 24எச்2 பென்டிரைவில் அமைப்பு மாறி "ரிப்பேர் மை பிசி" என்று கேட்கும். அப்புறம் டிரபிள்ஷூட், அங்கிருந்து கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட். இங்கிருந்து, தூங்கிக்கொண்டிருக்கும் உங்கள் விண்டோஸை வெளியிலிருந்து எஸ்எஃப்சியால் சோதிக்கலாம். இதில் ஓர் அனுகூலமும் உண்டு. உள்ளே இருக்கும் கோப்பு எதுவும் பயன்பாட்டில் இல்லை என்பதால் எதையும் தடையின்றி மாற்ற முடியும்.

வெறுமனே சோதி என்று கட்டளை கொடுத்தால் போதாது. அது தான் ஓடிக்கொண்டிருக்கும் குட்டி விண்டோஸையே பார்க்கும். சோதிக்க வேண்டிய விண்டோஸ் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் என்று கட்டளையில் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதில்தான் பொறி: குட்டி விண்டோஸ் தனக்கு எக்ஸ் என்ற எழுத்தை வைத்துக்கொள்ளும், மற்ற டிரைவ்களுக்குத் தன் போக்கில் எழுத்துக் கொடுக்கும். வழக்கமாக சி ஆக இருப்பது இங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி நோட்பேட். கறுப்புத் திரையிலேயே நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் திறக்கும். ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றினால் எல்லா டிரைவும் தெரியும். விண்டோஸ், யூசர்ஸ் என்ற ஃபோல்டர்கள் எதில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சின்ன ஜன்னலிலேயே ரைட் கிளிக் செய்து, முக்கியமான போட்டோக்களையும் கணக்குக் கோப்புகளையும் வேறொரு பென்டிரைவுக்கு நகலெடுத்துவிடவும் முடியும். ரிப்பேரில் கை வைப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

டிரைவ் பூட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னால் அது பிட்லாக்கர். டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும் குறியாக்க வசதி அது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் உள்ளே போக முடியாது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலில் லாகின் செய்து பார்க்கலாம். கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தில் பல நிறுவனங்களின் மீட்பு வேலை இழுத்துக்கொண்டே போனதற்கு இந்த எண்களைத் தேடித் தேடித் தட்டியதும் ஒரு காரணம்.

விண்டோஸ் தொடங்குவதற்கான பூட் கோப்புகள் டிஸ்க்கில் தனியாகப் பிரித்த ஒரு சிறு பகுதியில் (பார்ட்டிஷன்) இருக்கும். அவை கெட்டால் எஸ்எஃப்சி கவனிக்காது. அதே டிரபிள்ஷூட் திரையில் இருக்கும் ஸ்டார்ட்டப் ரிப்பேர்தான் அதற்கு.

எல்லாக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றுவது

எஸ்எஃப்சி, டிஸ்ம் இரண்டும் கைவிரித்தாலும், விண்டோஸ் மட்டும் திறக்கிறது என்றால், ஃபார்மட்டுக்கு முன் இன்னொரு படி இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இதுதான் பலருக்கும் தெரிந்திருக்க வேண்டியது, ஆனால் தெரியாதது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைத் திறந்து செட்டப்பை டபுள் கிளிக் செய்வது. எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும். சொந்தக் கோப்புகள், மென்பொருள்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டால், விண்டோஸின் கோப்புகளை மட்டும் கிடங்கோடு சேர்த்து மொத்தமாகப் புதிதாக அடுக்கிவிடும். டேலியும் இருக்கும், பிரின்டரும் இருக்கும். பழையது விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் ஒதுங்கும். வேண்டாம் என்றால் 10 நாளுக்குள் திரும்பிப் போய்விடலாம்.

இது பலிக்கப் பென்டிரைவின் ஹோம், ப்ரோ போன்ற பதிப்பும் மொழியும் பொருந்த வேண்டும், மெஷினில் இருப்பதற்குச் சமமான அல்லது புதிய விண்டோஸாக இருக்க வேண்டும். மென்பொருள்களை வைத்துக்கொள்ளும் தேர்வு மங்கலாகத் தெரிந்தால் எங்கேயோ பொருந்தவில்லை என்று பொருள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பென்டிரைவிலிருந்து பூட் செய்து இதைச் செய்ய முடியாது. அப்படிப் போனால் கிடைப்பது புதிதாக ஏற்றும் வழி மட்டுமே. "ரிப்பேர் பண்ணேன், எல்லாம் போச்சு" என்கிறவர்களில் பலர் செய்திருப்பது அதுதான். புதிய விண்டோஸ் 11 மெஷின்களில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் இதே வேலையைப் பென்டிரைவ் இல்லாமல் விண்டோஸ் அப்டேட் வழியாகவே செய்யும் பட்டனும் இருக்கிறது.

தொடங்கும் முன்

சில வாரங்களுக்கு ஒருமுறை கோப்புகள் கெட்டுக்கொண்டே இருந்தால் கோளாறு கோப்பில் இல்லை. சாகப்போகும் டிஸ்க்கில் எத்தனை முறை நல்ல நகலை எழுதினாலும் அது மறுபடி கெடும். ரேம் கோளாறாக இருந்தால் எழுதும்போதே தப்பாக எழுதும். இந்த இரண்டையும் முதலில் சோதித்துவிடுங்கள். செக்டிஸ்க் என்ற கருவியை எஸ்எஃப்சியோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். டிஸ்க்கின் பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா, படிக்க முடியாத பகுதிகள் உண்டா என்று பார்ப்பது செக்டிஸ்க். கோப்பின் உள்ளடக்கம் அசலோடு ஒத்துப்போகிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆனால் டிஸ்க் தட தடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள்.

பென்டிரைவைக் கெட்ட மெஷினிலேயே தயாரிப்பதைவிட வேறு நல்ல கணினியில் தயாரிப்பது பாதுகாப்பு. மீடியா கிரியேஷன் டூலை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். டெலிகிராமில் சுற்றும் "லைட்" விண்டோஸ் ஐஎஸ்ஓக்களில் பல கோப்புகளை உருவியிருப்பார்கள். நல்ல நகலுக்காகத் தேடுகிற நமக்கு அவை பிரயோஜனமில்லை. குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். அதில் ஏற்கெனவே இருப்பதையெல்லாம் அந்த டூல் அழித்துவிடும், அதனால் கல்யாண ஆல்பம் இருக்கும் பென்டிரைவை இதற்கு எடுக்காதீர்கள்.